‘ஹெட் ஃபோர்’: திசை சொல்லும் ஓர் ஆங்கில வினையின் பொருளும் பயன்பாடும் – முழுமையான வழிகாட்டி

‘ஹெட்’ என்றால் தலை, ‘ஃபோர்’ என்றால் ‘-க்காக’ என்பது தரம் 6இல் படிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இரண்டும் சேர்ந்து ‘ஹெட் ஃபோர்’ என்று வரும்போது அங்கே தலையும் இல்லை, ‘-க்காக’வும் இல்லை. ஓர் இடத்தை இலக்காக வைத்துப் போய்க்கொண்டிருப்பது என்ற வேறொரு பொருள் வந்துவிடுகிறது. வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிப் புதுப்பொருள் தரும் இத்தகைய சேர்க்கையை ஆங்கில அகராதிகள் ‘ஃப்ரேசல் வேர்ப்’ என்ற வகையில் சேர்க்கின்றன. இலங்கையின் மலையகத்தில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலம் படிக்கும் மாணவரும், எல்லவிலோ நுவரெலியாவிலோ சுற்றுலாப் பயணிகளோடு பேசிப் பிழைக்கும் சாரதியும் வழிகாட்டியும் அடிக்கடி எதிர்கொள்ளும் வினை இது. ஆகவே இதை ஒழுங்காக, ஒரு படிக்குப் பின் அடுத்த படியாகப் பார்ப்போம். ஆங்கில வாக்கியங்கள் எல்லாவற்றையும் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பயன் கூடும்.

முதற்படி: போவதும் போய்ச் சேர்வதும் வேறு

இந்த வினையில் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே. ‘ஹெட் ஃபோர்’ புறப்பாட்டையும் இலக்கையும் சொல்லும். போய்ச் சேர்ந்ததைச் சொல்லாது. மற்ற நுணுக்கங்களில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன.

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போகும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மண்சரிவால் பாதை இடையில் மூடப்பட்டிருக்கிறது. அப்போது ஒருவர், ‘வி ஹெடிட் ஃபோர் கேண்டி, பட் த ரோட் வாஸ் க்ளோஸ்ட் அட் ரம்பொட’ என்று சொல்லலாம். கண்டியை நோக்கிப் புறப்பட்டோம், ஆனால் ரம்பொடையில் பாதை மூடியிருந்தது என்பது பொருள். அந்த வாக்கியத்தில் இடறல் எதுவும் இல்லை. அதே இடத்தில் ‘வி வென்ட் டு கேண்டி’ என்று தொடங்கினால் கேட்பவர் உங்களைக் கண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். பிறகு பாதை மூடிய கதையைச் சொன்னால் அவருக்குக் குழப்பம் வரும்.

தமிழில் ‘போனேன்’ என்ற ஒரே வினை இரண்டு வேலையையும் செய்துவிடுகிறது. ‘கண்டிக்குத்தான் போனேன், பாதி வழியில் திரும்பிவிட்டேன்’ என்பது நமக்கு இயல்பான பேச்சு. இந்தப் பழக்கத்தினால்தான் நம் பிள்ளைகள் எல்லா இடத்திலும் ‘வென்ட் டு’ போடுகிறார்கள் என்று நினைக்கிறேன். தமிழில் ‘ஹெட் ஃபோர்’ என்பதற்கு மிக நெருக்கமாக நிற்பது எழுத்து வழக்கில் ‘நோக்கி’, பேச்சு வழக்கில் ‘பக்கம்’. புகையிரத நிலைய மேடையில் நிற்கும் ஒரு பையன், ‘அக்கா, இந்தக் கோச்சி எந்தப் பக்கம் போகுது?’ என்று கேட்க, யன்னலோரத்தில் இருப்பவர், ‘பதுளப் பக்கந்தான் தம்பி, ஏறு’ என்கிறார். அந்தப் ‘பக்கம்’ ஊரைக் காட்டுகிறதே தவிர, ஊருக்குள் கொண்டுபோய் நிறுத்தவில்லை.

இந்தப் பொருள் எப்படி வந்தது என்பதையும் அறிந்துகொண்டால் நினைவில் நிற்கும். கப்பலின் முன்பகுதியை, நம் மொழியில் அணியம் எனப்படுவதை, ஆங்கில மாலுமிகள் ‘ஹெட்’ என்றார்கள். அணியத்தை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் கப்பல் ‘ஹெட்’ செய்கிறது. தமிழும் இவ்விடத்தில் உடம்பின் உறுப்பையே நாடுகிறது, ஆனால் தலையை விட்டு முகத்தை எடுத்துக்கொள்கிறது. ‘தெற்கு முகமாகப் போனான்’ என்கிறோம்.

இரண்டாம் படி: ‘ஃபோர்’, ‘டு’, ‘டுவோர்ட்ஸ்’

‘ஹெட்’ என்ற வினையோடு மூன்று முன்னிடைச்சொற்கள் வரக்கூடும். மூன்றும் ஒன்றே என்று பல குறிப்புப் புத்தகங்கள் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. பெரும்பாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டாலும் வாக்கியம் விழாது என்பது உண்மைதான். ஆயினும் வேறுபாடு இருக்கிறது.

‘ஹெட் டுவோர்ட்ஸ்’ திசையை மட்டும் சொல்லும். ஒருவர் நிலையத்தின் பக்கமாக நடக்கிறார். நிலையத்துக்குத்தான் போகிறாரா, வழியில் உள்ள கடைக்குப் போகிறாரா என்பது நமக்குத் தெரியாது. ‘ஹெட் ஃபோர்’ இலக்கைச் சொல்லும். அவர் மனத்தில் நிலையம் இருக்கிறது.

இதைத் தெளிவாகக் காட்ட மலையகப் புகையிரதப் பாதையைவிட நல்ல இடம் கிடையாது. எல்லவைக் கடந்து பதுளைக்கு இறங்கும் வழியில் தெமோதரை நிலையம் வருகிறது. அந்த நிலையத்தை விட்டுப் புறப்பட்ட வண்டி மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, சற்று முன் நின்றிருந்த அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அந்த வளைவில் எஞ்சினின் முகம் சுற்றிச் சுழல்கிறது. ஒரு கட்டத்தில் அது எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையை வைத்து ‘டுவோர்ட்ஸ்’ போட்டு வாக்கியம் அமைத்தால், அடுத்த சில நிமிடங்களில் அந்த வாக்கியம் பொய்யாகிவிடும். ஆனால் ‘த ட்ரெயின் இஸ் ஹெடிங் ஃபோர் பதுல்ல’ என்ற வாக்கியம், வண்டி எப்படி வளைந்தாலும், பதுளையில் போய் நிற்கும் வரை உண்மையாகவே இருக்கும். இலக்கு என்பதற்கும் திசை என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

‘ஹெட் டு’ பிழை என்று சில ஆசிரியர்கள் சிவப்புக் கோடு போடுவதுண்டு. அது தேவையில்லாத கண்டிப்பு. இன்றைய ஆங்கிலத்தில், குறிப்பாக அமெரிக்கர் பேச்சில், ‘வி ஆர் ஹெடிங் டு எல்ல டுமோரோ’ என்பது மிகச் சாதாரணமான வாக்கியம். நாளை எல்லவுக்குப் போகும் திட்டம் இருக்கிறது என்பது அதன் பொருள். இடத்தின் பெயர் வருமிடத்தில் ‘ஃபோர்’, ‘டு’ இரண்டையும் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் இடமல்லாத ஒன்று, அதாவது ஒரு விளைவு, இலக்காக வரும்போது ‘ஃபோர்’தான் பொருந்தும். இதை ஐந்தாம் படியில் விரித்துச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: ‘ஃபோர்’ விழுந்துவிடும் இடங்கள்

வீடு, திசை, மேலே, கீழே, அங்கே, இங்கே, திரும்பி என்ற பொருள் தரும் சொற்கள் ஆங்கிலத்தில் தாமே திசையைச் சுமக்கின்றன. ஆகவே அவற்றுக்கு முன் ‘ஃபோர்’ வருவதில்லை. ‘ஐ அம் ஹெடிங் ஹோம்’, ‘தே ஹெடிட் நோர்த்’, ‘லெட்ஸ் ஹெட் பேக்’ என்பன சரியான வடிவங்கள். ‘ஹெடிங் ஃபோர் தெயார்’ என்று யாரும் சொல்வதில்லை. இதில் ஒரேயொரு விலக்கு உண்டு: ‘ஹெட் ஃபோர் ஹோம்’ என்பது பழகிப்போன தொடராதலால் அதுவும் சரி, ‘ஹெட் ஹோம்’ என்பதும் சரி.

‘வேர்’ என்று தொடங்கும் கேள்வியிலும் ‘ஃபோர்’ பெரும்பாலும் விழுந்துவிடும். ‘வேர் ஆர் யூ ஹெடிங்?’ என்று கேட்டாலே போதும். ‘வேர் ஆர் யூ ஹெடிங் ஃபோர்?’ என்று முடித்தாலும் தவறில்லை. இங்கே ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்பது நம்மவரிடையே சகுனத்தடை, பெரியவர்கள் ‘தூரமா?’ என்றோ ‘எந்தப் பக்கம்?’ என்றோதான் கேட்பார்கள். ஆங்கிலத்தில் சகுனம் கிடையாது. இருந்தாலும் ‘வேர் ஆர் யூ கோயிங்?’ என்று ஓர் அந்நியரிடம் திடீரென்று கேட்டால் விசாரணை போல ஒலிக்கக்கூடும். ‘வேர் ஆர் யூ ஹெடிங்?’ சற்று இளகலாக, வழிப்போக்கர் பேச்சாக ஒலிக்கும். நானுஓயா நிலையத்தில் இறங்கும் பயணியிடம் முச்சக்கர வண்டிச் சாரதி கேட்க ஏற்ற வடிவம் இரண்டாவதுதான்.

நான்காம் படி: வடிவங்கள்

இந்த வினை ‘-இங்’ வடிவத்திலேயே அதிகம் நடமாடுகிறது. நடந்துகொண்டிருக்கும் பயணத்தைச் சொல்லும் வினையாதலால் அது இயல்பே. கடந்த காலம் ‘ஹெடிட்’. ‘ஷி ஹெடிட் ஸ்ட்ரெயிட் ஃபோர் த கிச்சன்’ என்றால், அவர் வேறெங்கும் நிற்காமல் நேரே சமையலறையை நோக்கிப் போனார் என்பது பொருள். ‘நேரே’ என்பதற்கு உரிய ‘ஸ்ட்ரெயிட்’ என்ற சொல் வினைக்கும் ‘ஃபோர்’ என்பதற்கும் இடையில் வந்து உட்காருவதைக் கவனியுங்கள். ‘பேக்’ என்பதும் அவ்வாறே வரும். இடத்தின் பெயரோ ‘இட்’ போன்ற சுட்டுப்பெயரோ அந்த இடைவெளியில் வராது. அவை எப்போதும் ‘ஃபோர்’ என்பதற்குப் பின்னால்தான்: ‘வி சோ எ டீ கியோஸ்க் அண்ட் ஹெடிட் ஃபோர் இட்.’

மாணவரைக் குழப்பும் வடிவம் ஒன்று உண்டு. ‘ஐ அம் ஹெடிட் ஃபோர் எல்ல’ என்று ஒரு பயணி சொல்வார். ‘ஹெடிட்’ என்று கேட்டதும் முடிந்த காலம் என்றோ செயப்பாட்டு வினை என்றோ நினைத்துவிடக்கூடாது. அது நிகழ்காலமே, ‘ஐ அம் ஹெடிங் ஃபோர் எல்ல’ என்பதற்கும் அதற்கும் பொருளில் வேறுபாடில்லை. அமெரிக்கர் ‘ஹெடிட்’ என்பதை விரும்புகிறார்கள், பிரித்தானியர் ‘ஹெடிங்’ என்பதை. இலங்கைப் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய வழக்கைச் சார்ந்தது என்பதால் எழுதும்போது ‘ஹெடிங்’ போடுங்கள்; கேட்கும்போது இரண்டுக்கும் காதைத் திறந்து வையுங்கள். தலவாக்கலையில் ஏறிய ஒரு மாணவியிடம் பக்கத்து இருக்கைப் பயணி ‘வேர் ஆர் யூ ஹெடிட்?’ என்று கேட்டால், ‘ஐ அம் ஹெடிங் ஃபோர் பண்டாரவெல. அண்ட் யூ?’ என்று தம் வடிவத்திலேயே விடை சொல்லலாம்.

ஐந்தாம் படி: இடமல்லாத இலக்கு

பத்திரிகை ஆங்கிலத்தை வாசிப்பவர் இந்த வினையை அதிகம் சந்திப்பது இங்கேதான். நடப்பவர் யாரும் இல்லை, பாதையும் இல்லை. ஆனால் நிலைமை ஒரு முடிவை நோக்கி நகர்கிறது. ‘த கம்பெனி இஸ் ஹெடிங் ஃபோர் பேங்க்ரப்ட்சி’ என்றால் அந்நிறுவனம் வங்குரோத்தில் போய் முடியும் போலிருக்கிறது என்று பொருள். ‘ட்ரபிள்’, ‘டிஸாஸ்டர்’, ‘டிஃபீட்’, ‘டிவோர்ஸ்’ போன்ற சொற்கள் இதன் பின்னால் வரிசையாக வரும். நல்ல முடிவும் வரக்கூடும். தேர்தல் நாட்களில் ‘ஹெடிங் ஃபோர் விக்டரி’ என்பது வழமையான தலைப்பு. ஆயினும் எண்ணிப் பார்த்தால் கெட்ட முடிவுகளே மிகுதி. அறுபதை நெருங்கும் ஒருவரைக் குறித்து ‘ஹி இஸ் ஹெடிங் ஃபோர் சிக்ஸ்டி’ என்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

இடத்தைப் பற்றிய பயன்பாட்டுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. எல்லவுக்குப் போகிறவர் விரும்பிப் போகிறார். வங்குரோத்துக்குப் போகும் நிறுவனம் விரும்பிப் போகவில்லை. போகும் போக்கைப் பார்த்து நாம் அப்படிச் சொல்கிறோம். போய்ச் சேர்ந்ததைச் சொல்லாத வினை என்று முதற்படியில் கண்ட குணம் இங்கேதான் நன்றாக வேலை செய்கிறது. ‘யூ ஆர் ஹெடிங் ஃபோர் ட்ரபிள்’ என்பது சாபமன்று, எச்சரிக்கை. இன்னும் திரும்ப நேரமிருக்கிறது என்பது அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இத்தகைய வாக்கியங்களைத் தமிழாக்கும்போது நம் செய்தி ஏடுகள் ‘தோல்வியை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது’ என்று எழுதுகின்றன. பிழையில்லை, ஆனால் அது அச்சுத் தமிழ். வீட்டில் ஒரு தாய் மகனிடம், ‘இப்படியே போனா வம்புலதான் போய் முடியும், பார்த்துக்க’ என்பார். ‘யூ ஆர் ஹெடிங் ஃபோர் ட்ரபிள்’ என்பதன் உயிரான தமிழ் அதுதான். ஆங்கிலம் ‘-இங்’ வடிவத்துக்குள் ஒளித்து வைத்திருக்கும் நிபந்தனையை நாம் ‘இப்படியே போனால்’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இதைத் திருப்பிப் போடுங்கள்: ‘இப்படியே போனால் … தான்’ என்று ஒரு வாக்கியம் வந்தால் ‘ஹெடிங் ஃபோர்’ பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.

இங்கு ‘டு’ வராது என்பதை மறக்க வேண்டாம். ‘ஹெடிங் டு ட்ரபிள்’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் உறுத்தும்.

ஆறாம் படி: மலைநாட்டார் வழுக்கும் இடங்கள்

‘ஹெட் ஃபோர் த ஹில்ஸ்’ என்றொரு மரபுத்தொடர் ஆங்கிலத்தில் உண்டு. ஆபத்து வருகிறது, ஓடித் தப்பு என்பது அதன் பொருள். மலைகளுக்கு நடுவில் வாழும் நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். தோட்டத்தில் ‘மலைக்குப் போறேன்’ என்றால் கொழுந்து பறிக்க வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். ஓடி ஒளிவதற்கு நேர்மாறு. ஆகவே, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் பிறகு பெண்கள் கூடையோடு மலைக்குப் போவதை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர் ‘த விமன் ஹெடிட் ஃபோர் த ஹில்ஸ்’ என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலேயர் அவர்கள் எதற்கோ பயந்து ஓடினார்கள் என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. ‘த விமன் ஹெடிட் ஃபோர் த டீ ஃபீல்ட்ஸ்’ என்று எழுதுவதே சரி. மறுபுறம், ஏப்ரல் வெக்கையில் கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் படையெடுக்கும் கூட்டத்தைப் பற்றி வேண்டுமென்றே ‘கொலம்போ ஹெட்ஸ் ஃபோர் த ஹில்ஸ்’ என்று எழுதினால் அது நல்ல சிலேடை. வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடிவருகிறார்கள் அல்லவா?

அடுத்த வழுக்கல், வினையே அல்லாத ‘ஹெட் ஃபோர்’. சிவனொளிபாத மலையின் செங்குத்தான படிகளைப் பற்றியோ எல்லவின் குன்றுகளைப் பற்றியோ வரும் பயணக் கட்டுரையில் ‘யூ நீட் எ ஹெட் ஃபோர் ஹைட்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள். உயரத்தை நோக்கிப் போ என்று அதற்குப் பொருளில்லை. உயரத்தில் நின்றால் தலை சுற்றாத தன்மை வேண்டும் என்று பொருள். ‘ஹி ஹேஸ் எ ஹெட் ஃபோர் ஃபிகர்ஸ்’ என்றால் அவருக்குக் கணக்கு நன்றாக வரும். இவ்விரண்டிலும் ‘ஹெட்’ பெயர்ச்சொல். அதற்கு முன் ‘எ’ அல்லது ‘எ குட்’ நிற்கிறதா என்று பார்த்தாலே பிரித்துவிடலாம்.

‘ஹெட் ஆஃப்’ என்பது வேறொரு வினை. அதற்கு இரண்டு பொருள். ஒன்று, கிளம்புவது: ‘வி ஹெடிட் ஆஃப் அட் டோன்’, அதாவது விடியலில் கிளம்பினோம். மற்றது, குறுக்கே போய் மறிப்பது. லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்தியை நோக்கிக் கட்டவிழ்ந்த மாடு ஒன்று போகிறது. பின்னால் துரத்தினால் அது பாத்திக்குள்ளேயே ஓடும் என்று தெரிந்தவர், சரிவில் குறுக்கே இறங்கி அதற்கு முன்னால் போய் நின்று கையை விரிக்கிறார். அதுதான் ‘ஹெட் இட் ஆஃப்’. மாட்டுக்கு மட்டுமன்று, வேலைநிறுத்தத்துக்கும் நெருக்கடிக்கும் இது வரும். பேச்சுவார்த்தை நடத்தி வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே தவிர்த்தால் ‘தே ஹெடிட் ஆஃப் எ ஸ்ட்ரைக்’ என்பார்கள். ‘ஹெட் அப்’ என்றால் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குவது என்றும், மேலே ஏறிப் போவது என்றும் இடத்துக்கேற்பப் பொருள்படும்.

நெருங்கிய உறவுள்ள வேறு தொடர்களையும் சுருக்கமாக அறிந்து வையுங்கள். ‘மேக் ஃபோர்’ என்பதும் ஓரிடத்தை நோக்கிப் போவதே. ஆனால் ‘கூல் நைட்ஸ் மேக் ஃபோர் குட் டீ’ என்று வந்தால், குளிர்ந்த இரவுகள் நல்ல தேயிலைக்குத் துணைசெய்கின்றன என்று முற்றிலும் வேறு பொருள். ‘பவுண்ட் ஃபோர்’ என்பது பெரும்பாலும் வண்டிக்கும் கப்பலுக்கும் உரியது. நிலைய அறிவிப்புகளில் கேட்கலாம். ‘செட் ஆஃப் ஃபோர்’ கிளம்பும் அந்தக் கணத்தை மட்டும் சொல்லும்.

ஏழாம் படி: உச்சரிப்பு

நாம் மெய்யெழுத்தில் முடியும் சொல்லின் பின்னால் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘ஹெட்டு’ என்று சொல்லிவிடுகிறோம். அதைத் தவிர்க்க வேண்டும். இறுதி ஒலி ‘பட்டு’ என்பதில் வரும் வன்மையான டகரமன்று. ‘படம்’ என்பதில் வரும் மென்மையான ஒலிக்கு அருகில் நிற்பது. ‘ஃபோர்’ என்பதை ‘போர்’ என்று சொல்லக்கூடாது. மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். வாக்கியத்தின் நடுவில் ஆங்கிலேயர் அதை அழுத்துவதில்லை, ‘ஃப’ என்று விழுங்கிவிடுவார்கள். அழுத்தம் முழுவதும் ஊர்ப் பெயர் மேல் விழும். ‘ஹெடிங் ஃப ஹட்டன்’ என்று காதில் விழுந்தால் ‘ஃபோர்’ எங்கே என்று தேட வேண்டாம்.

எட்டாம் படி: பயிற்சி

தமிழ் வாக்கியத்தை எடுத்து, அதில் போய்ச் சேர்தல் இருக்கிறதா, வெறும் புறப்பாடு இருக்கிறதா என்று முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகே ஆங்கில வினையைத் தேர்ந்தெடுங்கள்.

‘அம்மா கொழுந்து மடுவத்துப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார்.’ இதில் இலக்கு இருக்கிறது, சேரவில்லை. ‘மதர் இஸ் ஹெடிங் ஃபோர் த வெயிங் ஷெட்.’

‘நேற்று ஹட்டனுக்குப் போய்ப் படம் எடுத்தேன்.’ போய்ச் சேர்ந்து வேலையும் முடிந்துவிட்டது. ‘வென்ட் டு’ போடுங்கள்.

‘அப்பா வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.’ வீடு வருகிறது, ஆகவே ‘ஃபோர்’ தேவையில்லை. ‘ஃபாதர் இஸ் ஹெடிங் ஹோம்.’

‘இப்படியே கடன் வாங்கினால் பெரிய சிக்கல்தான்.’ விளைவு இலக்காக வருகிறது. ‘யூ ஆர் ஹெடிங் ஃபோர் சீரியஸ் ட்ரபிள்.’

‘இந்தக் கோச்சி பதுளைக்குப் போகுமா?’ இதில்தான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். இலக்கு இருக்கிறதே என்று ‘ஹெட்’ போடத் தோன்றும். ஆனால் கேட்பவர் இப்போது நடக்கும் ஒரு நகர்வைப் பற்றிக் கேட்கவில்லை. நேர அட்டவணைப்படி இந்த வண்டி எந்த ஊர்வரை ஓடும் வண்டி என்று கேட்கிறார். வழமையைக் கேட்கும் கேள்விக்கு ‘கோ’தான் உரியது: ‘டஸ் திஸ் ட்ரெயின் கோ டு பதுல்ல?’ வண்டி புறப்பட்டு நானுஓயாவையும் தாண்டிய பிறகு, எங்கே போய்க்கொண்டிருக்கிறாய் என்று கைப்பேசியில் யாராவது கேட்டால், அப்போது ‘ஐ அம் ஹெடிங் ஃபோர் பதுல்ல’ என்று சொல்லலாம்.